கருகலைத் தாங்கும் உருளைக்கிழங்கு: வீட்டுத் தோட்டத்தில் இடுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

நீண்ட நாள் சிகிச்சை பெறுவோரின் வீடுகளில் காய்கறித் தோட்டம் ஒரு நல்ல வழக்கமாகப் பரவி வருகிறது. மேனாம்பேடு, அம்பத்தூர், கொரட்டூர் பகுதிகளிலிருந்து எங்களிடம் வருவோரில் பலர், மாடியிலோ வீட்டின் பின்புறத்திலோ கீரையும் வெண்டையும் வளர்ப்பதாகக் கூறுகின்றனர். பூச்சிமருந்து படாத உணவை நோயாளிக்கு அளிக்க வேண்டும் என்பதே அவர்களது எண்ணம். அது போற்றத்தக்கது. அவர்களுள் சிலர் உருளைக்கிழங்கைப் பற்றியும் வினவுகின்றனர். "உருளைக்கு நிறைய மருந்து தெளிக்கிறார்களாமே? கருகல் நோயைத் தாங்கும் இரகம் வந்திருக்கிறதாமே? அதை வாங்கி வீட்டிலேயே வளர்க்கலாமா?" என்பது அவர்களது கேள்வி.

வளர்க்கலாம் என்பதே சுருக்கமான விடை. ஆயினும், நம் பகுதியில் உருளைச் செடிக்கு முதற்பகை கருகல் நோய் அன்று. வெப்பமும் தூய்மையற்ற விதைக்கிழங்குமே. ஆகவே இரகத்தின் பெயரை விசாரிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அது எத்தனை காலம் தாங்கும்? எந்த நோயைத் தாங்கும்? எந்த நிலத்தில் தாங்கும்? ஒரு தடுப்பூசியைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ மருத்துவர் கேட்கும் கேள்விகளும் இவையே.

கருகல் நோய் என்பது யாது?

உருளைக்கிழங்கைத் தாக்கும் கருகல்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று முன்பருவ இலைக்கருகல். மற்றொன்று பின்பருவ இலைக்கருகல். உலகை அச்சுறுத்தியது பின்னதே. இதனை உண்டாக்கும் நுண்ணுயிர் பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ் எனப்படும். பைட்டோப்தோரா என்னும் சொல்லுக்குச் செடியை அழிப்பது என்று பொருள். பூஞ்சை போலத் தோன்றினும் இது உண்மைப் பூஞ்சை அன்று. நீர்ப்பூஞ்சை வகையைச் சேர்ந்தது. குளிர்ந்த காற்றும் நனைந்த இலையும் சேர்ந்தால் பெருகும். இலை ஓரத்தில் நீர் கோத்தாற்போன்ற புள்ளி தோன்றிக் கருகும். அதிகாலையில் இலையின் அடிப்புறத்தில் வெண்ணிறப் பூசணம் தெரியும். வானிலை இடங்கொடுத்தால் ஒரு வயலை ஓரிரு வாரங்களில் அழித்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கையும் கெடுக்கும்.

அயர்லாந்தில் 1845இல் இந்நோய் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் பஞ்சத்தாலும் அதன் பின்வந்த நோய்களாலும் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மடிந்தனர். அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். நம் நாட்டில் இந்நோய் முதலில் காலூன்றியது தமிழகத்தின் நீலகிரியில்தான். 1870க்கும் 1880க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அது அங்குக் காணப்பட்டது. ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில் வேரூன்றிய உருளைச் சாகுபடியை, அரை நூற்றாண்டுக்குள் அதன் நோயும் தேடி வந்துவிட்டது.

இவ்விடத்தில் ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்துகிறோம். இந்நுண்ணுயிர் மனிதரைத் தொற்றாது. கருகல் கண்ட செடியைத் தொட்டதால் நோயாளிக்குத் தொற்று வந்துவிடும் என அஞ்ச வேண்டியதில்லை. அழுகிய கிழங்கை மட்டும் உண்ணலாகாது.

எத்தனை காலம் தாங்கும்?

இந்தியாவில் உருளை இரகங்களை உருவாக்குவது மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம். 1949இல் பாட்னாவில் தொடங்கப்பட்டு, பின்னர் சிம்லாவுக்கு மாற்றப்பட்டது. அதன் இரகங்கள் யாவும், சிம்லாவுக்கு அருகிலுள்ள ஊரின் பெயரால், குஃப்ரி என்னும் முன்னொட்டைப் பெறும். நீலகிரியில் உதகைக்கு அருகே முத்தோரையில் அதன் கிளை நிலையம் 1957 முதல் இயங்குகிறது.

1968இல் குஃப்ரி ஜோதி வெளிவந்தது. பின்பருவக் கருகலைத் தாங்கும் இரகமாகவே அது அறிமுகமாயிற்று. உழவர்கள் விரும்பி ஏற்றனர். காலப்போக்கில் நோய்க்கிருமி தன்னை மாற்றிக்கொண்டது. ஜோதியின் தாங்குதிறன் தளர்ந்தது. இன்று அதனைக் கருகல் தாங்கும் இரகம் என நம்பி நடுபவர் ஏமாறுவார். அதன்பின் மலைப்பகுதிகளுக்கென 2006இல் குஃப்ரி ஹிமாலினியும், 2008இல் குஃப்ரி கிர்தாரியும் வந்தன. கிர்தாரி இந்நோய்க்கு உயர்ந்த தாங்குதிறன் உடையது.

கிருமிக்கொல்லி மருந்துகளை அளவின்றி உட்கொண்டால் கிருமிகள் பழகிவிடுகின்றன என்று நாங்கள் அடிக்கடி எச்சரிப்பதை நினைவுகூர்க. ஒரே காப்பை நெடுங்காலம் எதிர்கொள்ளும் கிருமி, அக்காப்பைக் கடக்கும் வழியைக் கண்டுகொள்கிறது. தாங்கும் இரகம் என்பது ஒரு கால அளவுக்கு உட்பட்ட உறுதிமொழி. ஆதலால் இரகத்தின் பெயரோடு அது வெளியான ஆண்டையும் கேட்டறிதல் வேண்டும்.

எந்த நோயைத் தாங்கும்?

ஒரு நோயைத் தாங்கும் செடி எல்லா நோயையும் தாங்கும் என்று பொருளில்லை. நீலகிரியே இதற்குச் சான்று. அங்குக் கருகலோடு போராடிக்கொண்டிருந்த உழவர்க்கு 1961இல் வேறொரு பகை தெரியவந்தது. உதகையில் ஒரு வயலின் வேர்களில் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத இப்புழுவின் முட்டைக்கூடுகள், உணவின்றியே 20 ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடிருக்க வல்லவை. எனவே முத்தோரை நிலையம் இரு பகைகளையும் ஒருங்கே தாங்கும் இரகத்தை நாடியது. 1985இல் வெளிவந்த குஃப்ரி ஸ்வர்ணா அத்தகையது.

தாங்குதிறன் எங்கிருந்து வருகிறது என்பதும் அறியத்தக்கது. மெக்சிகோ, தென் அமெரிக்கா ஆகிய இடங்களில் வளரும் காட்டு உருளையினங்களோடு கலப்புச் செய்தே அத்திறனைப் பெறுகின்றனர். காட்டினங்கள் தம்மைக் காத்துக்கொள்ளக் கசப்பு நச்சுகளைக் கொண்டிருக்கும். அமெரிக்காவில் 1960களில் வெளியான லெனாப்பே என்னும் இரகத்தில், காட்டினக் கலப்பின் விளைவாக, சோலனைன் வகை நச்சு மிகுந்திருந்தது தெரியவந்து, 1970இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஆய்வு நிறுவனங்கள் முறைப்படி சோதித்து வெளியிட்ட இரகங்களையே நாடுங்கள். பெயரும் ஊரும் தெரியாத 'அதிசய விதை'களை நோயாளி இருக்கும் வீட்டில் தவிர்த்தல் நலம்.

எந்த நிலத்தில் தாங்கும்?

இப்போது மேனாம்பேட்டுக்கு வருவோம். பின்பருவக் கருகலுக்குக் குளிர் வேண்டும். நம் பகுதியின் வெப்பம் அதற்கு ஒவ்வாது. அதே வெப்பம் உருளைக்கும் ஒவ்வாது என்பதே சிக்கல். உருளைச் செடி கிழங்கு வைக்க, இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியசுக்குக் கீழ் இருத்தல் நன்று. சென்னையில் டிசம்பர், சனவரி மாதங்களில்தான் இரவு வெப்பம் 20 அல்லது 21 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. மற்ற மாதங்களில் நட்டால் செடி தழைக்கும். மண்ணைத் தோண்டினால் கோலிக்குண்டு அளவே கிழங்கு இருக்கும்.

எனவே நம் நிலத்திற்கு வேண்டியது முதலாவதாக வெப்பத்தைத் தாங்கும் இரகம். 2006இல் வெளிவந்த குஃப்ரி சூர்யா அவ்வாறு உருவாக்கப்பட்டது. பிற இரகங்களைவிடச் சற்றே வெப்பமான இரவுகளிலும் அது கிழங்கு வைக்கும். மலைக்கென வந்த கிர்தாரியை மாடியில் நட்டு, கிழங்கு வைக்கவில்லையே என வருந்துவதைக் காட்டிலும், சமவெளிக்கான இரகத்தைத் தேடுவதே முறை. சூர்யாவுக்குப் பின்பருவக் கருகலைத் தாங்கும் ஆற்றல் இல்லை; நம் பகுதியில் அக்குறை பெரிதாகத் தோன்றாது.

நம் தோட்டத்தில் வரக்கூடியவை வேறு இரண்டு. ஒன்று முன்பருவக் கருகல். அடி இலைகளில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். மற்றொன்று பாக்டீரியா வாடல் நோய். பச்சையாக நிற்கும் செடி திடீரெனத் துவளும். இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். வாடிய தண்டைக் குறுக்கே நறுக்கித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்துக. சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற இழை இறங்கினால் அது வாடல் நோய். அதற்கு மருந்தில்லை. செடியை மண்ணோடு அப்புறப்படுத்துவதே வழி.

விதைக்கிழங்கை எங்குப் பெறுவது?

உருளை, விதையிலிருந்து அன்றிக் கிழங்கிலிருந்தே நடப்படுகிறது. ஆகையால் தாய்க்கிழங்கில் இருந்த நச்சுயிரியும் பாக்டீரியாவும் கருகலும் அப்படியே அடுத்த செடிக்குச் செல்லும். அறுவை அரங்கில் கருவி தூய்மையாக இருத்தல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது தோட்டத்தில் விதைக்கிழங்கின் தூய்மை. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்ட உழவர்கள் பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து விதைக்கிழங்கை வரவழைப்பதற்கும், அதன் தரத்தைக் குறித்து ஆண்டுதோறும் கவலை கொள்வதற்கும் காரணம் இதுவே.

இவ்வகையில் நான்கு அறிவுரைகளைக் கூறுகிறோம்.

முதலாவது, உதகைக்குச் செல்லும் உறவினரிடம் விதைக்கிழங்கு வாங்கிவரச் சொல்லாதீர்கள். நூற்புழு பரவாதிருக்க, நீலகிரியின் விதைக்கிழங்கை வெளியிடங்களுக்குக் கொண்டுசெல்வதற்கு அரசின் தடை உள்ளது. 2018இல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றிலும் அப்புழு கண்டறியப்பட்டு, அங்கிருந்து வரும் விதைக்கிழங்குக்கும் தடை விதிக்கப்பட்டது. அன்புக்காகக் கொண்டுவரும் ஒரு கைப்பிடிக் கிழங்கு, ஒரு நிலத்தின் மண்ணைத் தலைமுறைக்குக் கெடுக்கக்கூடும்.

இரண்டாவது, சான்று பெற்ற விதைக்கு அடையாள அட்டை உண்டு. ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. சான்று விதைக்கு நீல அட்டை. இரகத்தின் பெயர், குவியல் எண், சோதித்த நாள் ஆகியவை அதில் இருக்கும். அட்டையில்லாக் கிழங்கு வெறும் உணவுக் கிழங்கே.

மூன்றாவது, சான்று விதை பெரும்பாலும் மூட்டையாகவே விற்கப்படும். ஒரு வீட்டிற்குப் பத்துக் கிழங்கு போதும். ஆகவே தெருவில் உள்ள தோட்ட ஆர்வலர்கள் கூடி ஒரு மூட்டையைப் பகிர்ந்துகொள்ளலாம். எங்குக் கிடைக்கும் என்பதை மாவட்டத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே, ஆகஸ்டு அல்லது செப்டம்பரிலேயே, விசாரியுங்கள்.

நான்காவது, கோயம்பேட்டில் வாங்கிய கிழங்கு முளைவிட்டால் நடலாமா என்று பலர் கேட்கின்றனர். குளிர்பதனக் கிடங்கில் முளையடக்கும் மருந்திட்ட கிழங்கு சரியாக முளைக்காது. முளைப்பதும் நோயற்றது என்னும் உறுதியில்லை. குழந்தைகள் பார்த்து மகிழ ஒரு பையில் நட்டுப் பார்க்கலாம். அம்மண்ணை மட்டும் பிற்பாடு தக்காளி, கத்தரி, மிளகாய்ச் செடிகளுக்குப் பயன்படுத்த வேண்டா. அவை உருளையின் குடும்பத்தைச் சேர்ந்தவை, நோய்களும் பொதுவானவை.

வளர்க்கும் முறை

நடும் காலம்: நவம்பர் இறுதி வாரம் முதல் டிசம்பர் முதல் வாரம் வரை. அதற்கு முன் நட்டால் வடகிழக்குப் பருவமழையில் கிழங்கு அழுகும். பின்னர் நட்டால் மாசி வெயிலில் அகப்படும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்ப் பகுதியில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. ஆதலால் தரையில் நடுவதைவிட, மாடியில் செங்கல் மேல் வைத்த வளர்ப்புப்பையில் நடுவது பாதுகாப்பானது.

பை: ஒன்றரை அடி உயரமும் அகலமும் உடையது, ஒரு செடிக்கு ஒன்று. கரும்பையைவிட வெண்பை வெப்பத்தைக் குறைவாக ஏற்கும். அடியில் நீர் வடியும் துளைகள் வேண்டும்.

மண்: தோட்டமண், நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சமமாகக் கலந்து, பையின் பாதிவரை மட்டும் நிரப்புக.

நடவு: முட்டை அளவுள்ள, 40 முதல் 50 கிராம் எடையுள்ள முழுக்கிழங்கே சிறந்தது. வெட்டிய துண்டு வெப்ப நிலத்தில் எளிதில் அழுகும். நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் நிழலான வெளிச்சத்தில் பரப்பி வைத்தால், குட்டையான திடமான முளைகள் தோன்றும். முளை மேல்நோக்கி இருக்க, நான்கு விரற்கடை ஆழத்தில் நடுக.

பராமரிப்பு: காலையில் வேரடியில் மட்டும் நீர் ஊற்றுக, இலையை நனைக்க வேண்டா. நனையாத இலையில் கருகல் எளிதில் பற்றாது. செடி ஒரு முழம் வளர்ந்ததும், தண்டின் பாதியை மூடுமாறு மண் அணைக்க வேண்டும். இரு வாரம் கழித்து மீண்டும் அணைக்க வேண்டும். இது கிழங்கில் வெளிச்சம் படாமல் காக்கும். மேலே வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பினால் மண் குளிர்ச்சியாக இருக்கும். புள்ளி விழுந்த அடி இலைகளைக் கிள்ளி அகற்றினால் போதும். பூசணக்கொல்லி தெளிக்கத் தேவையில்லை. அதனைத் தவிர்ப்பதற்காகவே இத்தோட்டத்தைத் தொடங்கினோம்.

அறுவடை: 75 முதல் 80 நாட்களில் இலை மஞ்சளாகும். நீரை நிறுத்தி, தண்டை அறுத்து, பத்து நாள் கழித்துத் தோண்டினால் தோல் இறுகியிருக்கும். ஒரு செடிக்குச் சில கிழங்குகளே கிடைக்கும் என்பதை முன்பே அறிந்திருத்தல் நலம்.

மண்ணைத் தொடும் நோயாளிக்கு

உருளைச் செடியின் நோய் நம்மைத் தொற்றாது. மண்ணில் உள்ள வேறு சில கிருமிகள் தொற்றும். மெலியாய்டோசிஸ் என்னும் கடுமையான நோய்க்குரிய பாக்டீரியா, தமிழகத்தின் ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. நீரிழிவு உள்ளோரை அது மிகுதியாகத் தாக்குகிறது. நம் நடவுக் காலம் மழைக்காலத்தின் முடிவு என்பதால் இது கருதத்தக்கது. நீரிழிவு உள்ளோர் மூடிய காலணியும் கையுறையும் அணியாமல் மண்ணில் இறங்கலாகாது. கால் மரத்துப்போனவர்கள், வேலை முடிந்ததும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறாத புண்ணோடு மண்வேலை கூடாது. காய்ச்சல் வந்தால், தோட்டவேலை செய்ததை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டோரும் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோரும் மக்கு உரத்தைக் கிளறுதல் வேண்டா. அதன் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சைகள் இருக்கும். அப்பணியைக் குடும்பத்தார் ஏற்க, நோயாளி செடியின் வளர்ச்சியைக் கண்டு மகிழலாம். பையின் அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

தட்டுக்கு வரும்போது

வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கையும் நீண்ட முளைவிட்ட கிழங்கையும் விலக்குக. அவற்றில் சோலனைன் மிகும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது அழியாது. லண்டன் பள்ளியொன்றில் 1969இல் கெட்ட உருளைக்கிழங்கை உண்ட 78 மாணவர் வாந்தி, வயிற்றுப்போக்கால் துன்புற்றனர். அவர்களுள் 17 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். வீட்டில் விளைந்தது என்னும் பாசத்தால், கசக்கும் கிழங்கை உண்ண வேண்டா. அறுவடையை இருளான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

100 கிராம் உருளையில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து உண்டு. நீரிழிவு உள்ளோர் அதனைக் காயாகக் கருதாமல், சோற்றின் ஒரு பங்காகக் கருதி, அந்த அளவு சோற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதே 100 கிராமில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் பொட்டாசியமும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தோர், சிறு துண்டுகளாக நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால், பொட்டாசியம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பச்சை நீரில் ஊறவைப்பது மட்டும் போதுமான பயன் தராது. எவ்வளவு உண்ணலாம் என்பதை இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டு மருத்துவரும் உணவியலாளரும் கூறுவர். இயற்கை முறையில் விளைந்தது என்பதால் இந்த அளவுகள் மாறுவதில்லை.

உருளை ஒத்துவராத வீடுகளுக்குச் சர்க்கரைவள்ளி நல்ல மாற்று. அது உருளையின் குடும்பம் அன்று. பின்பருவக் கருகல் அதனைத் தீண்டாது. நம் வெப்பம் அதற்கு இயல்பானது. கொடியை நறுக்கி நட்டாலே வளரும். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் நல்ல இரகங்களை வெளியிட்டுள்ளது. மாவுச்சத்தும் பொட்டாசியமும் குறித்த எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

வரும் பருவத்தில் முதன்முறையாக நட விரும்புவோர், இரண்டு பைகளோடு தொடங்குங்கள். விதைக்கிழங்கின் அட்டையைப் பத்திரப்படுத்தி, நட்ட நாளையும் தோண்டிய நாளையும் அதன் பின்புறத்தில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இரகத்தை நடுவதா, வேறொன்றை நாடுவதா என்பதை அக்குறிப்பே உங்களுக்குச் சொல்லும்.